வேலியும் குதிரையும்

ஒரு படைப்பைக் கையில் எடுத்ததும் "இது எந்த வகை?" என்று கேட்பது விமர்சனத்தில் பழகிப்போன காரியம். சிறுகதையா, குறுநாவலா, சமூகக் கதையா, சரித்திரக் கதையா என்று பெயர் வைத்த பிறகுதான், நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே பலர் வருகிறார்கள். பெயர் வைப்பதில் தவறு ஒன்றும் இல்லை. நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவருக்கு அது அவசியம். ஆனால் பெயர்ப் பலகை எழுதுகிறவர் நாளடைவில் வாசற்காவலராகவும் ஆகிவிடுகிறார். 'இது இந்த வகையைச் சேர்ந்ததல்ல' என்று அவர் சொல்வது, 'நீ உள்ளே வராதே' என்று சொல்வதாக மெல்ல மெல்ல மாறிவிடுகிறது. இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதை 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சின்னஞ்சிறு பாட்டு எல்லோருக்கும் தெரியும்படி காட்டிக் கொடுத்தது.

பாட்டின் பெயர் 'ஓல்ட் டவுன் ரோடு'. பழைய ஊர்ச் சாலை என்று பொருள். பாடியவர் லில் நாஸ் எக்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கறுப்பு இளைஞர். இயற்பெயர் மான்டெரோ லமார் ஹில். 1999-இல் பிறந்தவர், ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர். ஒரு வருஷம் கல்லூரியில் படித்துவிட்டு, பாட்டுத்தான் தொழில் என்று முடிவு செய்து படிப்பை விட்டார். சகோதரியின் வீட்டில் ஒண்டிக்கொண்டு, இரவும் பகலும் இணையத்தில் வேடிக்கை எழுதிப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்த சமயத்தில் இந்தப் பாட்டைச் செய்தார். 2018 டிசம்பரில் வெளியிட்டபோது அவருக்கு வயது பத்தொன்பது.

ராப் என்பது நம் வாசகர்களில் சிலருக்குப் பழக்கமில்லாத விஷயமாக இருக்கலாம். தாளக்கட்டுக்குள் நின்று, சந்தமும் இயைபும் தவறாமல் வேகமாகப் பேசிச் செல்வது என்று சுருக்கமாகச் சொல்லலாம். 1970-களில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழைக் கறுப்பு இளைஞர்களிடையே தோன்றிய கலை அது. இதற்கு நேர் எதிர்த் திசையில் இருப்பதாக அமெரிக்கர்கள் கருதி வந்த இசை 'கன்ட்ரி'. டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரம் அதற்குத் தலைமையிடம். பண்ணை, குதிரை, மாட்டிடையரின் தொப்பி, உடைந்த காதல், மது ஆகியவை அதன் நிலையான சரக்கு. அதன் முகம் வெள்ளை முகம் என்பது சொல்லாமலே எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த விஷயம்.

லில் நாஸ் எக்ஸ் செய்தது மிகச் சாதாரணமான ஒரு காரியம். இணையத்தில் பின்னணி இசையை விலைக்கு விற்கும் கடைகள் இருக்கின்றன. அப்படி ஒரு கடையில் யங்கியோ என்ற நெதர்லாந்து இளைஞர் விற்பனைக்கு வைத்திருந்த இசையை 30 டாலருக்கு வாங்கினார். அதில் ஒரு பான்ஜோ வாத்தியத்தின் ஒலி வருகிறது. அந்த ஒலியும் யங்கியோவின் சொந்தமல்ல. 'நைன் இன்ச் நெயில்ஸ்' என்ற ராக் குழு 2008-இல் வெளியிட்ட, பாடல் இல்லாத ஒரு வாத்திய இசையிலிருந்து வெட்டி எடுத்தது. அதன் அடியில் அட்லாண்டா ராப்பின் கனத்த தாளத்தை அவர் வைத்துத் தைத்திருந்தார். இந்த ஒட்டுத் துணியை உடுத்திக்கொண்டு நம் இளைஞர், 20 டாலர் கட்டண நாளில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தார். ஆக நாஷ்வில்லின் மண் வாசனை என்று எல்லோரும் முகர்ந்து பார்த்த அந்தப் பான்ஜோ, நாஷ்வில்லின் வாசலையே மிதித்ததில்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் எந்தப் பாட்டிலும் முதலில் தேடுவது ஓர் ஆளை. இதில் ஓர் ஆள் இருக்கிறான். குதிரையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய சாலையில் போகப் போகிறான். இனி முடியாது என்கிற வரையில் போய்க்கொண்டே இருக்கப் போகிறான். எங்கே போகிறான் என்று சொல்லவில்லை. எதை விட்டுப் போகிறான் என்றும் சொல்லவில்லை. தனக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவேண்டியதில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறான். அதற்கு இடையிடையே பெருமையடிப்பு: தொப்பி கறுப்பு, பூட்ஸும் அதற்குப் பொருத்தமான கறுப்பு, நீ வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காதவன், நான் பள்ளத்தாக்கைப் பார்த்து வந்தவன் என்கிற ரகம். இத்தாலிய நாகரிகக் கடைத் தொப்பியும், உழைப்பாளிகள் போடும் ராங்ளர் கால்சட்டையும் ஒரே ஆளின் மேல் ஏறுகின்றன. டிராக்டரும் வருகிறது, இருமல் மருந்தில் கலக்கும் போதைப் பானமும் வருகிறது. சிரிப்பு மூட்டுவதற்கென்றே வைத்த முரண்கள் இவை.

சிரித்து முடித்த பிறகும் அந்தத் தனி மனிதன் மனத்தில் தங்குகிறான். வீட்டை விட்டு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் என்று நினைக்கிற ஒருவனின் பாட்டாகவே இதை முதலில் நினைத்ததாக லில் நாஸ் எக்ஸ் பின்னால் சொல்லியிருக்கிறார். அதை அவர் சொல்லாவிட்டாலும் குரலில் தெரிகிறது. வேலையும் இல்லை, படிப்பும் இல்லை, ஒண்டியிருக்கிற வீட்டிலும் பொறுமை தீர்ந்துகொண்டு வருகிறது. அந்த நிலையில் இருக்கிற பையன் தனக்கு ஒரு குதிரையைக் கற்பனை செய்து கொள்கிறான். வேடிக்கை என்ற போர்வைக்குள் ஒரு நிஜமான தவிப்பு ஒளிந்திருக்கிறது. முழுப் பாட்டும் இரண்டு நிமிஷம்கூட ஓடவில்லை. குதிரை வேகம் பிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. இந்தக் குறுக்கத்தைக் குறையாகச் சிலர் சொன்னார்கள். எனக்கு அதுவே நயமாகப் படுகிறது. போகிறேன் போகிறேன் என்று சொல்கிறவன், போய்ச் சேர்ந்த கதையைச் சொல்வதில்லை.

இது பரவிய விதம் இந்தக் காலத்துக்கே உரியது. டிக்டாக் என்ற செயலியில் (நம் நாட்டில் 2020-இல் தடை செய்யப்பட்டது) சில வினாடிப் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். 2019-இன் தொடக்கத்தில் இந்தப் பாட்டை வைத்து அங்கே ஒரு விளையாட்டு கிளம்பியது. முதலில் ஒருவர் சாதாரண உடையில் நிற்பார். தாளம் விழுந்ததும் கண்மூடித் திறப்பதற்குள் தொப்பியும் பூட்ஸுமாகக் கௌபாய் ஆகிவிடுவார். லட்சக்கணக்கானவர்கள் இதைச் செய்தார்கள். மேலுக்கு இது அசட்டு விளையாட்டு. ஆனால் பாட்டின் உட்பொருளை அவர்கள் தெரியாமலே பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டால் வேறு ஆளாகிவிடலாம் என்கிற ஆசைதானே பாட்டிலும் இருப்பது?

பாட்டை இணையத்தில் ஏற்றும்போதே லில் நாஸ் எக்ஸ் அதைக் 'கன்ட்ரி' என்று குறித்திருந்தார். அமெரிக்காவில் எந்தப் பாட்டு எவ்வளவு பேரால் கேட்கப்படுகிறது என்று வாரந்தோறும் கணக்குப் போட்டு வெளியிடும் பத்திரிகை 'பில்போர்டு'. 2019 மார்ச்சில் அதன் கன்ட்ரி பட்டியலில் இந்தப் பாட்டு 19-ஆவது இடத்தில் ஏறியது. அடுத்த பட்டியலில் காணோம். நீக்கிவிட்டார்கள். கௌபாய் சமாசாரங்கள் இருந்தாலும் இன்றைய கன்ட்ரி இசையின் அம்சங்கள் இதில் போதுமான அளவு இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பாடகரின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்கள்.

பில்போர்டின் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். யார் எந்தப் பெயரை ஒட்டினாலும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டால் பட்டியலுக்கே அர்த்தமில்லாமல் போய்விடும். குதிரை என்ற சொல் வந்ததனாலேயே ஒரு பாட்டு கன்ட்ரி ஆகிவிடாது. அரசர் வந்ததனாலேயே ஒரு கதை சரித்திர நாவல் ஆகிவிடுவதில்லை. இதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டாமா? 2012-13-இல் 'ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன்' என்ற வெள்ளை இளைஞர் இருவரின் 'க்ரூஸ்' என்ற பாட்டு, நெல்லி என்ற ராப் பாடகரையும் சேர்த்துக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டை யாரும் வெளியே அனுப்பவில்லை. அதே கன்ட்ரி பட்டியலில் 24 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. இன்றைய கன்ட்ரி இசைக்குள் ராப் வந்து வெகு நாளாகிவிட்டது. விருந்தாளியாக வந்தால் சரி, வீட்டுக்காரனாக வரக்கூடாது என்றுதான் இதற்கு அர்த்தம்.

இந்த வேலியின் வயது நூறு ஆண்டுக்குச் சமீபம். 1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் தெற்குப் பிராந்தியத்தின் பாட்டுக்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, கறுப்பர் பாடியதை 'ரேஸ்' தட்டு என்றும், வெள்ளையர் பாடியதை 'ஹில்பில்லி' தட்டு என்றும் பிரித்து விற்றன. ஒரே வட்டாரத்தில், ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ராகத்தைப் பார்த்துப் பிரிக்கவில்லை. தோலைப் பார்த்துப் பிரித்தார்கள். பிறகு 1949-இல் பில்போர்டு பத்திரிகை தன் பட்டியல்களின் பெயரை நாகரிகமாக மாற்றியது. ஒன்று 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' ஆயிற்று. இன்னொன்று 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆயிற்று. பலகையில் எழுத்து மாறியது. வேலி நின்ற இடத்திலேயே நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் கறுப்பர்கள் இல்லாமலும் இல்லை. கன்ட்ரி இசையின் அடையாளமாகிய பான்ஜோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியத்திலிருந்து வந்தது. மாட்டிடையர் காலத்துக் கௌபாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். நாஷ்வில்லின் புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சியான 'கிராண்ட் ஓலே ஆப்ரி'யில் தொடக்க காலத்து நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்டு பெய்லி என்ற கறுப்பர். ஹார்மோனிக்கா வாசிப்பதில் மன்னர். 1941-இல் அவரை நீக்கினார்கள். அவர் நாஷ்வில்லிலேயே பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2005-இல். அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. சார்லி பிரைடு என்பவரின் முதல் தட்டுக்களை 1966-இல் வானொலி நிலையங்களுக்கு அனுப்பியபோது, வழக்கமாக வைக்கும் புகைப்படத்தை வைக்காமல் அனுப்பினார்கள். குரலைக் கேட்டு மயங்கிய பிறகு முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனை. யோசனை பலித்தது, 1971-இல் அந்தத் துறையின் மிகப் பெரிய விருதே அவருக்குக் கிடைத்தது. பலித்தது என்பதனால் அந்த யோசனையின் அவமானம் குறைந்துவிடவில்லை.

இத்தனையும் தெரிந்து லில் நாஸ் எக்ஸ் பாடினார் என்று நான் சொல்லவில்லை. அவர் சரித்திரம் எழுத உட்காரவில்லை. வேடிக்கை செய்ய உட்கார்ந்தார். சரித்திரத்தை உள்ளே கொண்டுவந்து வைத்தவர்கள் பாட்டை நீக்கியவர்கள்தான். நீக்கிய அந்த ஒரு காரியத்தால், இரண்டு நிமிஷ வேடிக்கைப் பாட்டு நாடு முழுவதும் ஒரு வழக்காக மாறிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லித் தர வேண்டாம் என்று அதில் வருகிற வீம்புப் பேச்சுக்கு, பாடியபோது இல்லாத ஒரு பொருள் ஏறியது. எழுதியவன் வைக்காத பொருளை எதிர்ப்பு கொண்டுவந்து வைப்பது இலக்கியத்திலும் நடப்பதுண்டு. அதற்கு இவ்வளவு தெளிவான உதாரணம் கிடைப்பது அபூர்வம்.

பிறகு பில்லி ரே சைரஸ் வந்தார். 1992-இல் 'ஏக்கி பிரேக்கி ஹார்ட்' என்ற பாட்டால் நாடெங்கும் பேர் பெற்ற வெள்ளைக் கன்ட்ரிப் பாடகர். பாட்டு வெளியான டிசம்பரிலேயே, அவரை எனக்குப் பிடித்துத் தாருங்கள் என்று லில் நாஸ் எக்ஸ் இணையத்தில் கேலியும் ஆசையுமாகக் கேட்டிருந்தார். 2019 ஏப்ரல் 5 அன்று இருவரும் சேர்ந்து பாடிய வடிவம் வெளிவந்தது. அதன் பிறகு நடந்தது சாதனைப் புத்தகத்தில் இருக்கிறது. பில்போர்டின் பொதுப் பட்டியலில் தொடர்ந்து 19 வாரம் முதலிடம். அதற்குமுன் இருந்த உச்சம் 16 வாரம். 'ஒன் ஸ்வீட் டே', 'டெஸ்பாசிட்டோ' என்ற இரு பாட்டுக்கள் அதைப் பகிர்ந்துகொண்டிருந்தன. முக்கியமான கன்ட்ரி பட்டியலில் மட்டும் இதை மறுபடி சேர்க்கவில்லை. ஆனால் அதே 2019 நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கம், சிறந்த கூட்டுப் பாட்டு என்று இதற்கே விருது கொடுத்தது. பட்டியல்காரருக்குக் கன்ட்ரியாகப் படாதது சங்கத்தாருக்குக் கன்ட்ரியாகப் பட்டது. வேலி எவ்வளவு உறுதியான மரத்தால் ஆனது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

சைரஸ் சேர்ந்த வடிவத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. சைரஸின் கனமான குரல் சுகமாகத்தான் இருக்கிறது. அவர் செய்த உபகாரமும் பெரிது. ஒதுக்கப்பட்டவனின் பக்கத்தில் வந்து நின்றார். ஆனால் அவர் பாடும் பகுதியில் விலையுயர்ந்த காரும், வைர மோதிரமும், பெரிய கடையின் பெயரும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. முதல் வடிவத்தில் ஒன்றுமில்லாதவன் ஒரு குதிரையைக் கற்பனை செய்தான். இரண்டாவது வடிவத்தில் எல்லாம் உள்ளவன் குதிரையைப் பற்றி ஞாபகப்படுத்திக்கொள்கிறான். தனிமை போய்விட்டது, துணை வந்துவிட்டது. வழக்கில் ஜெயிக்க அந்தத் துணை தேவையாக இருந்தது. கறுப்பு இளைஞன் கன்ட்ரி பாடுகிறான் என்பதற்கு வெள்ளைக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததே, அதுதான் இந்த வெற்றியில் எனக்குக் கசக்கிற இடம்.

இதை அந்த இளைஞரும் உணர்ந்திருந்தார் என்றே 2019 மே மாதம் வந்த படத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. கால்மேட்டிக் என்பவர் இயக்கிய ஐந்து நிமிஷப் படம். கதை 1889-இல் தொடங்குகிறது. லில் நாஸ் எக்ஸும் சைரஸும் குதிரையில் ஒரு குடியிருப்புக்கு வந்து இறங்குகிறார்கள். இந்த இடத்தில் என்னை வரவேற்பார்களா என்று இளைஞர் தயங்குகிறார். என்னோடு வந்திருக்கிறாய், கவலைப்படாதே என்கிற தோரணையில் மூத்தவர் தைரியம் சொல்கிறார். மறு நிமிஷம் துப்பாக்கி வெடிக்கிறது. குண்டுக்குத் தப்பி ஓடிய இளைஞர் ஒரு சுரங்க வழியில் விழுந்து, 2019-ஆம் ஆண்டின் தெரு ஒன்றில் குதிரையோடு வந்து நிற்கிறார். அங்கே கறுப்பு ஜனங்கள் அவரை வேடிக்கை பார்க்கிறார்கள். கடைசியில் வெள்ளைக்காரக் கிழவர்களும் கிழவிகளும் உட்கார்ந்து பிங்கோ ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கூடத்தில் நுழைகிறார். அவர்கள் எழுந்து ஆடுகிறார்கள். சிரிக்க வைத்துக்கொண்டே, துணைக்கு ஒருவர் நிற்பதன் பலம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. இந்த விவகாரம் பற்றி வந்த எத்தனையோ கட்டுரைகளைவிட அந்தத் துப்பாக்கிச் சத்தம் தெளிவானது.

அப்புறம் பாட்டை ஆளுக்கு ஆள் எடுத்துக்கொண்டார்கள். ராங்ளர் கம்பெனி அதே மே மாதத்தில் இந்தப் பாடகரின் பெயரில் உடைகள் வெளியிட்டது. பாரம்பரியம் பாழாயிற்று என்று அதன் பழைய வாடிக்கையாளர் சிலர் கோபித்துக்கொண்டார்கள். கொரியாவின் புகழ்பெற்ற பி.டி.எஸ். குழுவைச் சேர்ந்த ஆர்.எம். 'சியோல் டவுன் ரோடு' என்று ஒரு வடிவம் செய்தார். அதில் அவர் குதிரையை விட்டுவிட்டு, கொரிய உழவர் களை கொத்தப் பயன்படுத்தும் ஹோமி என்ற சின்னக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். வெறும் சொல் விளையாட்டுத்தான். ஆனாலும் ஒரு பாட்டு ஊர் மாறும்போது அந்த ஊர்க் கருவியைக் கையில் எடுத்துக்கொள்வது நாட்டுப் பாடல்களின் பழைய குணம். 2020 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் பெரிய போட்டியின்போது ஒளிபரப்பான தின்பண்ட விளம்பரம் ஒன்றில், கௌபாய் படங்களில் நரைத்துப்போன நடிகர் சாம் எலியட்டும் லில் நாஸ் எக்ஸும் துப்பாக்கிச் சண்டைக்கு நிற்பதுபோல் எதிரெதிரே நின்று நடனப் போட்டி போட்டார்கள். 1889-இன் துப்பாக்கி, வறுவல் பொட்டலத்துக்காகச் சமாதானமாகிவிட்டது. வியாபாரத்துக்கு எந்தக் கசப்பையும் இனிப்பாக்கத் தெரியும்.

இந்த உபயோகங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. 2019 மே மாதம் ஓஹையோ மாநிலத்து ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் இந்தப் பாட்டை ஒருமிக்கப் பாடும் காட்சி இணையத்தில் வந்தது. அதைப் பார்த்த லில் நாஸ் எக்ஸ் அந்தப் பள்ளிக்கே போய்ப் பாடினார். குழந்தைகளின் ஆரவாரத்தில் கூரை இடிந்து விழாதது ஆச்சரியம். அவர்களுக்குப் பில்போர்டும் தெரியாது, நாஷ்வில்லும் தெரியாது. பாட்டில் ஒரு குதிரை இருக்கிறது, அது ஓடுகிறது, அவ்வளவு போதும். அதே ஜூன் மாதக் கடைசியில் தான் ஆண்களை விரும்புகிறவன் என்பதை லில் நாஸ் எக்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். பாட்டு உச்சியில் இருந்த நாள் அது. பேசாமல் இருந்திருந்தால் லாபம். 'சொல்லித் தர வேண்டாம்' என்று பாட்டில் சொன்ன வீம்பு வெறும் வாய்வீச்சு இல்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இது உயர்ந்த கலையா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். சொற்களில் ஆழம் குறைவு; சில வரிகள் மலிவு; ராகம் சட்டென்று பிடித்துச் சட்டென்று அலுக்கும் ஜாதி. 19 வாரம் முதலிடத்தில் இருந்தது அதன் பெருமைக்குச் சாட்சியாகாது. கூட்டம் கூடுவதைத் தரத்துக்கு அளவாக வைத்தால், நாம் மதிக்கிற புத்தகங்களில் பாதியைக் கிழித்துப் போட வேண்டிவரும். ஆனால் சின்ன விஷயத்தைச் சின்ன விஷயமாகவே, பாசாங்கு இல்லாமல் செய்திருக்கிறார். தவிப்பைச் சிரிப்பாக்கிக் கொடுத்திருக்கிறார். அந்த அளவுக்கு அது நல்ல பாட்டு. அதற்கு மேல் அதற்கு வந்து சேர்ந்த முக்கியத்துவம், வேலி போட்டவர்கள் கொடுத்த நன்கொடை.

வேலி பிறகு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2024-இல் பியான்சே என்ற கறுப்புப் பாடகி அதே கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்றார். கறுப்புப் பெண் ஒருவர் அங்கே அமர்ந்தது அதுவே முதல் தடவை. அதே ஆண்டு ஷபூஸி என்ற கறுப்புப் பாடகரின் கன்ட்ரிப் பாட்டு ஒன்று பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்று, லில் நாஸ் எக்ஸின் கணக்கைத் தொட்டது. அவரது பாட்டு கன்ட்ரி பட்டியலிலும் இருந்தது. யாரும் நீக்கவில்லை. ஐந்து வருஷத்தில் இசையின் இலக்கணம் மாறிவிட்டது என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். வாசற்காவலர்கள் ஒரு தடவை சூடுபட்டிருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கேட்டுப் பார்க்க விரும்புகிற வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். எங்கும் கிடைக்கிற இரண்டாவது வடிவத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். துணைக்கு ஆள் இல்லாமல் அந்தப் பையன் தனியாகப் பாடிய முதல் வடிவத்தை முதலில் கேளுங்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அது கன்ட்ரியா, ராப்பா என்ற கேள்வியைப் பாட்டு முடிகிற வரையிலாவது ஒத்திவையுங்கள்.